கிழமை டாக்டர்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பொறுப்பேற்றது ஒரு திங்கட்கிழமை. வருடம் எண்பதுகளின் பின்பாதியில் ஒன்று. தேதியில் ஒரு நாள் பிசகினாலும் எனக்கு உறுத்தும். ஆகவே உறுதியாகத் தெரிந்த கிழமைகளை மட்டும் எழுதுகிறேன். அவரைப் பற்றி எழுதக் கிழமைகளே போதும்.

நான் அங்கே இளநிலை உதவியாளர். புதிதாக வரும் மருத்துவ அலுவலர்கள் முதல் நாள் என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். குவார்ட்டர்ஸில் தண்ணீர் வருமா, ஜீப் ஓடுமா, தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கடைசி பஸ் எப்போது? இவர் அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. என் மேஜைக்குப் பின்னால் தொங்கிய தினசரி காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க ஜனங்க எந்தக் கிழமை வராங்க சார்?"

"செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு மேடம். புதன் தடுப்பூசி. வெள்ளி…"

"அது நாம வச்ச கிழமை. அவங்க எந்தக் கிழமை வராங்க?"

இரண்டும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. தெரியாது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும் தெரியாது. பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு மாதத்துக்குள் ஜீப் டிரைவர் ஏகாம்பரம் அவருக்குக் கிழமை டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார். அது அவர் காதுக்கும் போனது. அவருக்கு அதில் வருத்தமில்லை, பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

உயரமான பெண்மணி. கைத்தறிப் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவார். கைப்பையில் ஸ்டெதஸ்கோப்போடு வறுத்த வேர்க்கடலையும் கிடக்கும். பேசினால் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். பொறுமை மிகக் குறைவு. ரயில்வே கேட் மூடியிருந்தால் இறங்கிப்போய் கேட்மேனிடம் காரணம் கேட்பார். அவர் கையெழுத்தைப் படிக்க மருந்தாளுநர் என்னைக் கூப்பிடுவார், நான் ஏகாம்பரத்தைக் கூப்பிடுவேன்.

ஊர் ஊராகக் கிழமை விசாரித்தவருக்குத் தன் சொந்தக் கிழமைகள் ஒன்றும் நினைவிருக்காது. ஒரு ஆயுத பூஜை அன்று டிபன் கேரியரோடு வந்து பூட்டிய கதவின் முன்னால் நின்றிருக்கிறார். வாட்ச்மேன் விடுமுறை என்று சொன்னதும், இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று மறுநாள் எங்கள் எல்லோருக்கும் திட்டு விழுந்தது. இன்னொரு நாள் அவர் கணவர் அலுவலகத்துக்குப் போன் செய்து, இன்று தங்கள் கல்யாண நாள் என்று மேடத்துக்கு நினைவுபடுத்தும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார். சொன்னேன். "இன்னிக்கா? பரவாயில்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அவருக்கு அறவே பிடிக்காத ஒரு சொல் இருந்தது. தடுப்பூசி போட மறுக்கிறவர்களின் பெயருக்கு எதிரே நாங்கள் 'மறுப்பு' என்று எழுதுவது வழக்கம். கடற்கரையோரம் எங்கள் எல்லைக்குள் ஒரு மீனவர் குப்பம் இருந்தது. அந்தக் குப்பத்தில் பெரும்பாலான குழந்தைகளின் பெயருக்கு எதிரே அந்த ஒரு சொல்தான். அதற்கு முந்தின கோடையில் குப்பத்தில் தட்டம்மை பரவி, சில குழந்தைகளைப் புதைத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் புதன்கிழமை காலையில் எங்கள் ஜீப் போனால் யாரும் வருவதில்லை.

டாக்டர் வந்த சில வாரங்களில் எங்கள் மேலதிகாரியான துணை இயக்குநர் மாதாந்திரக் கூட்டத்தில் அந்தப் பேச்சை எடுத்தார். அவர் கெட்டவர் அல்ல. கணக்குப் பார்க்கிறவர். குப்பத்துத் துணை மையத்தில் எஸ்தர் என்ற கிராம சுகாதார நர்ஸ் இருந்தார். அந்த நர்ஸ் பணியிடத்தை மேற்கே புதிதாக வளர்ந்துகொண்டிருந்த ஒரு நகருக்கு மாற்றப்போவதாகத் துணை இயக்குநர் சொன்னார். "வேண்டாம்கிற ஊர்ல நர்ஸை உக்கார வைக்கிறதுக்குப் பதிலா, கேக்கிற ஊர்ல வைக்கலாம் இல்லையா?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எஸ்தர் போய்விட்டால் அந்தக் குப்பத்துக்குப் பிரசவம் பார்க்கவும் ஆள் இல்லை, அடுத்த கோடையில் அம்மை வந்தால் கேட்கவும் நாதி இல்லை. கூட்டத்தில் எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

கிழமை டாக்டர் எழுந்து மார்ச் முடிய அவகாசம் கேட்டார். துணை இயக்குநர் கொடுத்தார். மார்ச்சுக்குள் குப்பத்தில் ஒரு மறுப்புகூட இருக்கக்கூடாது, இருந்தால் நர்ஸ் மாற்றல். அதுதான் பேச்சு.

"ஒண்ணுகூடவா மேடம்?" என்று நான் ஜீப்பில் திரும்பும்போது கேட்டேன்.

"அவரு பேரம் பேசத் தெரியாதவரு. பாதின்னு சொல்லியிருந்தா பாதியோட நின்னிருப்பேன்" என்றார் டாக்டர்.

அந்தச் சமயத்தில் திருமுடிவாக்கம் பக்கமும் கொஞ்ச காலம் அவருக்குக் கூடுதல் பொறுப்பு இருந்தது. அங்கே தொழிற்பேட்டையில் தகடு வெட்டுகிறவர்களுக்குக் கையில் காயம் படாத வாரம் கிடையாது. ஆனால் டெட்டனஸ் ஊசிக்கு யாரும் வருவதில்லை, வேலை நேரத்தில் முதலாளிகள் விடமாட்டார்கள். இவர் ஊசிப் பெட்டி இல்லாமல் போய், டீக்கடை பெஞ்சில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தார். பேட்டைக்கு வாரத்தில் ஒரு நாள் மின்சாரம் கிடையாது. அன்று ஆட்கள் மெஷினைத் துடைத்துவிட்டு, சீட்டாடிக்கொண்டு சும்மா இருப்பார்கள். அடுத்த வாரமே அந்த நாளில் முகாம்.

அங்கே ஒரு பட்டறை முதலாளி, ஊசி போட்டால் கை வலிக்கும், நாளைய உற்பத்தி போய்விடும் என்று தடுத்தார். எந்தக் கையால் வேலை செய்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். இரண்டு கையாலும் என்று அவர் மடக்கினார். "அப்ப இடுப்புல போடறேன். முதலாளிதான மொதல்ல வரணும், வாங்க" என்றார் டாக்டர். பட்டறையே சிரித்தது. முதலாளி போட்டுக்கொண்டார், பிறகு எல்லோரும்.

குப்பத்துக்கும் அவர் அப்படித்தான் முதலில் பெட்டி இல்லாமல் போனார், ஒரு புதன்கிழமை காலையில். இருந்தவர்கள் பல் போன கிழவர்களும் குழந்தைகளும்தான். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு ஆண்கள் கடலில், பெண்கள் தாம்பரம் மார்க்கெட்டில் என்று பதில் வந்தது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் தாம்பரத்திலிருந்து கிளம்பி வரும் அதே நேரத்தில் குப்பத்துப் பெண்கள் கூடையோடு டெம்போவில் தாம்பரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். மேடவாக்கம் பக்கத்தில் எங்கேயோ புதன்தோறும் இரண்டு வண்டியும் எதிரெதிரே கடந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனோம். மீன் விற்கும் வரிசையில் பாக்கியம் என்ற பெண்ணை எஸ்தர் காட்டினார். முந்தின கோடையில் மூத்த பையனை அம்மைக்குக் கொடுத்தவர் அவர். கைக்குழந்தை ஒன்று குப்பத்தில் இருந்தது. டாக்டர் வீட்டில் மீன் சமைக்கும் வழக்கமில்லை. ஆனாலும் சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டு, பேரமும் பேசினார். பேரம் முடிந்து, மீன் செதில் உரிகிற நேரத்தில் பேச்சைத் தொடங்கினார். ஊசி வேண்டாம் என்று சொல்கிறீர்களாமே என்றார்.

பாக்கியம் நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா வோணாம்னு? நாங்களா சொன்னோம்? ஊசி போட்டா ராவெல்லாம் கொய்ந்த ஒடம்பு காயுது. விடியறதுக்குள்ள அவரு கடலுக்குப் பூடறாரு, நானு கூடையத் தூக்கினு இங்க வந்துடறேன். காயற கொய்ந்தைய யார்கிட்ட குட்த்துட்டு வர்றது? நீ வந்து பாத்துக்குவியா?"

"நான் வந்தா நீ மீன் விக்கறதுக்கு யாரு வருவா?" என்றார் டாக்டர். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பாக்கியமும் லேசாகச் சிரித்தார். அப்போது டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "சரி, உங்களுக்கு எந்தக் கிழமை?"

"இன்னாது?"

"ஊசி போட்டு, மறுநாள் அம்மாவும் அப்பாவும் வீட்ல இருக்கணும். எந்தக் கிழமை?"

பாக்கியம் கத்தியைக் கீழே வைத்தார். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குப்பத்தில் வெள்ளிக்கிழமை யாரும் கடலில் இறங்குவதில்லை. அம்மன் கோவில் கட்டுப்பாடு, மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் தண்டம். மீன் இல்லையென்றால் மார்க்கெட்டும் இல்லை. "வியாயக்கெயம சாயந்தரம் வந்து போடு. வெள்ளி முச்சூடும் வூட்லதான் கீறோம். கொய்ந்த கத்தினா கத்தட்டும்" என்றார்.

மாநிலம் முழுக்கத் தடுப்பூசிக்குப் புதன்கிழமை. அதன் மறுநாள் வியாழன், குப்பத்துக்கு முழு வேலை நாள். எத்தனையோ ஊர்களுக்கு நல்ல நாளாக இருந்த புதன், இந்த ஒரு குப்பத்துக்கு ஒரே ஒரு நாள் முந்திப்போயிருந்தது. நாங்கள் அதற்குத்தான் மறுப்பு என்று பெயர் வைத்திருந்தோம். டாக்டர் அந்த மீனைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பரிசு விழுந்தவர் மாதிரி இருந்தார். மீன் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனது.

துணை இயக்குநர் எளிதில் ஒப்பவில்லை. புதன் என்றால் புதன், ஒரு குப்பத்துக்காக அரசாங்கத்தின் நாளை மாற்ற முடியாது என்றார். டாக்டர் அதை மறுக்கவே இல்லை. புதன்கிழமை வழக்கம்போல் போகிறோம், வராதவர்களை மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்க்கிறோம், தொடர் பணிதானே என்றார். தொடர் பணி கூடாது என்று எந்த அதிகாரியும் சொல்ல மாட்டார். அவரும் சொல்லவில்லை.

முதல் வியாழக்கிழமை காலையிலிருந்தே எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. திறக்காத குளிர்சாதனப் பெட்டிக்குள் மருந்து கெடாமல்தான் இருந்தது. ஆனால் வழியில் அதைக் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுபோக வேண்டிய ஐஸ் பாக்கெட் ஒன்றும் உறையவில்லை. ஏகாம்பரம் சாவியை எடுக்கவே இல்லை. "ஐஸ் இல்லாம போயி இன்னா மேடம் பண்றது? போறதுக்குள்ள மருந்து கெட்டுப் பூடும்."

டாக்டர் சிறிது நேரம் வேர்க்கடலை மென்றார். பிறகு கேட்டார். "மீன் கெட்டுப் போகாம அவங்க எப்படி ஏகாம்பரம் தாம்பரம் வரைக்கும் கொண்டு வராங்க?"

ஜீப் மார்க்கெட்டுக்குப் போனது. பாக்கியம் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எங்களை ஐஸ் விற்கிறவரிடம் இழுத்துக்கொண்டு போய், "மீனுக்குப் போடற ஒட்ச ஐஸ் வோணாம்யா, நல்ல ஐஸ் பாரா பாத்து குடு. கொய்ந்தைங்களுக்கு" என்று அதட்டினார். எஸ்தர் அதைத் துண்டு போட்டுப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி மருந்துப் பெட்டிக்குள் அடுக்கினார். முத்தடுப்பு மருந்து உறைந்தால் வீண் என்பதால் அந்தப் புட்டிகளை மட்டும் செய்தித்தாளில் சுற்றி ஐஸ் படாமல் வைத்தார். பாக்கியமும் அவர் கூட்டாளிகளும் கூடைகளோடு ஜீப்பிலேயே ஏறிக்கொண்டார்கள். அந்த ஜீப்பில் மீன் வாசனை போகப் பல நாள் ஆனது. டாக்டர் ஒருமுறைகூட மூக்கைப் பிடிக்கவில்லை. ஏகாம்பரம்தான் பிடித்தார், மீன் தின்கிறவர்.

அன்று சாயங்காலம் எஸ்தர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டே இருந்தார். பாக்கியத்தின் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள். எல்லோரும் வந்துவிடவில்லை. பாதிப்பேர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை டாக்டர் மறுபடி குப்பத்துக்குக் கிளம்பினார். முகாம் முடிந்த மறுநாள் அந்த ஊருக்குப் போன மருத்துவ அலுவலரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கட்டுமரங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. குடிசைக்குக் குடிசை தூளி ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டியவர்கள் அப்பாக்கள். வலை இழுத்துக் காய்த்துப்போன கையால் ஒருவர் தூளியை ஆட்டியபடி, இன்னொரு கையால் பீடியைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றார். டாக்டர் ஒவ்வொரு குழந்தையின் நெற்றியிலும் கை வைத்துப் பார்த்தார். எல்லாம் சாதாரணக் காய்ச்சல், சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும் என்றார். இறங்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் அதையும் பார்த்தார்கள். அடுத்த வியாழன் அவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தார்கள்.

இது மீனவர்களிடம் மட்டும் அவர் காட்டிய கரிசனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தொண்ணூறுகளில் நான் கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி வீடு கட்டினேன். அவரும் அந்தப் பக்கம் மாற்றலாகி வந்திருந்தார். எங்கள் நகரில் பாங்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கிறவர்கள். அரசாங்க ஊசி ஏழைகளுக்கு என்று ஒரு எண்ணம். இவர் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கொடுத்தார். நாற்காலி போட்டார், டோக்கன் கொடுத்தார், பெயருக்குப் பின்னால் சார், மேடம் போட்டுக் கூப்பிடச் சொன்னார். ஸ்கூட்டரில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அரசாங்க மருந்து நன்றாக இருக்குமா என்று ஒருவர் தயங்கியபோது, "என் பொண்ணுக்கும் இதான் சார் போட்டேன். இப்ப அவ என்னையே எதிர்த்துப் பேசறா" என்றார் டாக்டர். குப்பத்தில் தரையில் உட்கார்ந்தவர் இங்கே டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு இடத்திலும் குரல் ஒன்றுதான்.

குப்பத்துக் கதையின் மார்ச்சுக்கு வருகிறேன். கடைசி வியாழக்கிழமை. இன்னும் ஊசி போடாத குழந்தைகளில் மிஞ்சியவர்களுக்கு அன்றுதான் கடைசி வாய்ப்பு. சொல்லாமல் கொள்ளாமல் துணை இயக்குநரின் கார் வந்து நின்றது.

துணை மையம் காலியாக இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எஸ்தரும் ஸ்டவ்வும் மட்டும். அன்று பார்த்து நெத்திலி கூட்டமாக வந்திருந்தது. படகுகள் திரும்பவே நேரமாகி, ஊர் முழுக்கக் கரையில் நின்றது. துணை இயக்குநர் காலி பெஞ்சைப் பார்த்தார். குரலில் எந்தக் கேலியும் இல்லாமல், "நான் சொன்னேன் இல்லையா?" என்றார். அது கேலியைவிட மோசமாக இருந்தது.

டாக்டர் மருந்துப் பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டினார். கரைக்கே போய்ப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். அப்போது எஸ்தர் வாசலை மறித்து நின்றார். மேலதிகாரிகள் முன்னால் அவர் அதுவரை வாய் திறந்ததில்லை.

"போகாதீங்க மேடம். மீனை எறக்காம அவங்க வர மாட்டாங்க. எறக்கிட்டா வராம இருக்க மாட்டாங்க."

கேட் மூடினால் கேட்மேனிடம் சண்டைக்குப் போகிறவர், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய வாழ்க்கையில் அதுதான் மிகக் கடினமான வேலையாக இருந்திருக்கும். துணை இயக்குநரும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் அவரிடம் வேர்க்கடலையை நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

வெயில் சாய்ந்தபோது வந்தார்கள். முன்னால் பாக்கியம், முழங்கை வரை வெள்ளிச் செதில்களோடு. அவருடைய குழந்தைக்கு ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று. இடுப்பில் இருந்தது பக்கத்து வீட்டுக் குழந்தை. பின்னால் பெண்கள், அவர்களுக்கும் பின்னால் ஈரத் துண்டோடு ஆண்கள், ஆளுக்கொரு குழந்தை. பாக்கியம் நேரே துணை இயக்குநரிடம் போனார்.

"நீதான் பெரிய டாக்டரா? எங்களுக்கு ஊசி வோணாம்னு எய்தி வச்சினு கீறியாமே. எவ சொன்னா வோணாம்னு? பேர சொல்லு, நானே போயி கேக்கறேன்."

துணை இயக்குநர் அவரைப் பார்த்தார். அவர் பின்னால் வாசல் வரை நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"யாரும் சொல்லலம்மா" என்றார்.

"அப்ப நர்ஸம்மா எங்கியும் போவாது இல்ல?"

"போகாது."

எஸ்தர் ஸ்டவ்வின் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டத்தைச் சமாளிக்க இரண்டு கை போதவில்லை. துணை இயக்குநர் சட்டைக் கையை மடித்துவிட்டு, எந்தப் பக்கம் உட்காரட்டும் என்று எங்கள் டாக்டரைக் கேட்டார். அவரும் ஒரு காலத்தில் ஊசி போட்டவர்தானே. கையில் பழக்கம் போகவில்லை. அன்று இருட்டுவதற்குள் குப்பத்தில் மறுப்பு என்று எழுத ஒரு பெயரும் மிஞ்சவில்லை. கிளம்பும்போது ஒரு மீனவர் துணை இயக்குநரின் காரில் நெத்திலி ஒரு பை நிறைய வைத்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அந்த வைகாசியில் தட்டம்மை மறுபடி கடற்கரையோரம் வந்தது. தெற்கே இருந்த குப்பங்களிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. டாக்டர் தினமும் காலையில் எஸ்தரிடமிருந்து ஆள் வந்ததா என்று கேட்பார். வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை, மாதம் முடிந்தும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் என்னையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார்.

பாக்கியம் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "டாக்டரம்மா, இந்த வருசம் எங்க குப்பத்துல ஒரு குயிகூடத் தோண்டல."

வரிசையில் கத்திகள் நின்றன. டாக்டர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்போது வரிசையின் மறுகோடியிலிருந்து ஒரு பெண் எழுந்து கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். தெற்கே அடுத்த குப்பத்துக்காரர் அவர். எங்கள் எல்லைக்குள் வராத ஊர். முகம் வாடியிருந்தது. அந்த ஊருக்கு அந்தக் கோடை நல்லபடியாக இருந்திருக்கவில்லை.

"எங்களுக்கு எப்ப வருவ?" என்றார் அவர். "நாங்க செவ்வாக்கெயமதான் கடலுக்குப் போறதில்ல."

கவிழ்த்து வைத்த ஒரு கூடையை டாக்டர் மீன் தண்ணீர் ஓடுகிற தரையில் காலால் இழுத்துப் போட்டு, அதன் மேல் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அப்ப திங்கக்கிழமை சாயந்தரம். உங்க ஊர்ல மொத்தம் எத்தனை கைக்குழந்தை, சொல்லு."